புதுப்பிப்பு: எக்ஸ்கவேட்டர் மானிட்டரில் கம்யூனிகேஷன் எரர் – சரியாகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: 20 டன் எக்ஸ்கவேட்டர், வேலை நடுவே மானிட்டர் இருண்டுபோகும், ஆர்பிஎம் தானாக இறங்கும், எரர் கோடு எஸ்பிஎன் 639 (மெஷினில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைனில் கோளாறு என்று அர்த்தம்). உதவிய எல்லோருக்கும் நன்றி.

"ஈசிஎம்மில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) கை வைக்காதீங்க, பேட்டரி ஸ்விட்சை அணைச்சுட்டு கேன் ஹை, கேன் லோ என்ற இரண்டு வயருக்கும் நடுவே ஓம் பாருங்க" என்ற அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. லைனின் இரு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் பேரலலாக இருப்பதால் மீட்டர் 60 காட்ட வேண்டும். எனக்குக் காட்டியது 40. அப்படியென்றால் மூன்றாவது ரெசிஸ்டர் எங்கோ இருக்கிறது! தேடினால், சீட்டுக்குப் பின்னால் ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டியவர் லைனில் ஒட்டுப்போட்டிருந்தார். அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு 120 ஓம். கழற்றியதும் 60.

அதோடு முடியும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மறுபடி அதே எரர். மீட்டரை மாட்டியபடியே ஹார்னஸை (வயர் கட்டு) ஆட்டிப் பார்த்ததில் 60 திடீரென 120-க்குத் தாவியது; அதாவது நடுவே வயர் விட்டுப்போய் ஒரு ரெசிஸ்டர் மட்டுமே தெரிகிறது. கேபினுக்கு அடியில் கிளாம்ப் உரசி மஞ்சள் வயர் (கேன் ஹை) உள்ளுக்குள் அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புது வயர் சேர்த்து, பச்சை வயரோடு (கேன் லோ) பழையபடி முறுக்கி, ஸ்லீவ் போட்டேன். 10 நாளாக எரர் இல்லை. புது ஈசிஎம் வாங்கச் சொன்னவர்களுக்கும் நன்றி, நல்லவேளை வாங்கவில்லை.