அறிவியல், கணிதத் துறைகளுக்கு ஒரே கட்டடம்: மின்செலவைக் குறைக்க எங்கே தொடங்குவது?

கணக்கு_வாத்தியார்:
வணக்கம். எங்கள் கல்லூரியில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்குக்கும் சேர்த்து மூன்று மாடியில் புதுக் கட்டடம் வரப்போகிறது. கட்டடக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். நான் கணிதத் துறை, கட்டுமானம் பற்றிப் பெரிதாகத் தெரியாது. இதுவரை நடந்த இரண்டு கூட்டத்திலும் மொட்டை மாடியில் எத்தனை சோலார் பேனல், முகப்பில் எவ்வளவு கண்ணாடி என்றே பேச்சு ஓடியது. இப்போதுள்ள பழைய கட்டடத்தில் ஆளே இல்லாத ராத்திரியிலும் வேதியியல் லேபின் எக்ஸாஸ்ட் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புதுசும் அப்படியே ஆகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. வரைபடம் முடிவாவதற்குள் நான் என்னென்ன கேட்க வேண்டும்?

காற்றுக்குழாய்:
அந்த எக்ஸாஸ்ட்தான் சார் விஷயமே. வகுப்பறையில் குளிர்வித்த காற்றில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துச் சுற்றவிடலாம். ரசாயன லேபில் அது முடியாது, உள்ளே வரும் காற்று மொத்தமும் வெளியே போயாக வேண்டும். அதாவது காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றை (குளிர் ஊர் என்றால் சூடாக்கிய காற்றை) நிமிடத்துக்கு நிமிடம் வானத்தில் கொட்டுகிறோம்.

ஒரு கணக்கு போடுகிறேன். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள லேபின் கொள்ளளவு 240 கன மீட்டர். மணிக்கு 6 முறை காற்று மாறினால் 1,440 கன மீட்டர். இப்போது அதில் ஒரு ஃபியூம் ஹூட் (ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேற்றும், முன்பக்கம் ஏறி இறங்கும் கதவுள்ள பெட்டி) வையுங்கள்: வாய் 1.5 மீட்டர் அகலம், 0.45 மீட்டர் உயரம், காற்று நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போகிறது. அந்த ஒன்றே மணிக்கு சுமார் 1,200 கன மீட்டர் இழுக்கும். நான்கு ஹூட் வைத்தால் 4,800ஐத் தாண்டிவிடும், அதாவது மணிக்கு 20 முறை. அதனால் பேனலை எண்ணுவதற்கு முன் ஹூட்டை எண்ணுங்கள். கதவு இறங்கினால் காற்றின் அளவும் தானாகக் குறையும் வகை ஹூட்டாகக் கேளுங்கள், பழைய வகை கதவை மூடினாலும் அதே அளவுதான் இழுக்கும்.

இன்னொன்று, ஃபேன் எடுக்கும் மின்சாரம் காற்றளவின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 20 சதவீதம் குறைத்தால் 0.8 × 0.8 × 0.8, கிட்டத்தட்ட பாதியாகிவிடும். நீங்கள் கணக்கு வாத்தியார், குழுவுக்கு இதை என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

லேப்_பொறுப்பாளன்:
எல்லாம் சரி, ஆனால் ராத்திரி எக்ஸாஸ்ட்டை முழுசாக நிறுத்தச் சொல்லி யாரும் கிளம்பிவிடாதீர்கள். ரசாயனம் உள்ளே இருக்கும்வரை ஓரளவு காற்று ஓடத்தான் வேண்டும், எவ்வளவு குறைக்கலாம் என்பதை உங்கள் பாதுகாப்பு அதிகாரியோடு உட்கார்ந்து முடிவு பண்ணுங்கள். நான் பார்த்த லேப்களில் பாதி ஹூட் பாட்டில் அடுக்கிவைக்கும் அலமாரியாகத்தான் இருக்கிறது. அந்த வேலைக்குத் தனியாக எக்ஸாஸ்ட் இணைத்த அலமாரி போதும், அது இழுக்கும் காற்று ரொம்பக் குறைவு. எந்தப் பயிற்சிக்கு உண்மையிலேயே ஹூட் வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்கள் நிற்பார்கள் என்று ஒவ்வொரு துறையிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

வரைபலகை:
நான் ஆர்க்கிடெக்ட். உங்கள் துறையின் வகுப்பறைகளையும் ஸ்டாஃப் ரூம்களையும் லேபோடு ஒரே ஏசி இணைப்பில் போட விடாதீர்கள். போட்டால் லேபுக்காக ஓடும் காற்று உங்களுக்கும் ஓடும். கணிதப் பகுதியைக் கட்டடத்தின் தனிப் பிரிவாக எடுத்தால் ஜன்னல் திறந்தே பாதி நாளை ஓட்டலாம், மற்ற நேரம் கார்பன் டை ஆக்சைடு சென்சார் பார்த்து ஆளுக்குத் தக்கபடி காற்று விடலாம். கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டுங்கள், அந்த இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடியைக் குறையுங்கள். சாய்வாக வரும் காலை, மாலை வெயிலை மேலே சன்ஷேட் வைத்துத் தடுப்பது கஷ்டம். வேதியியல் மேல் மாடிக்குப் போகட்டும், எக்ஸாஸ்ட் டக்ட் (காற்று போகும் குழாய்) குட்டையாகும். அதிர்வு ஆகாத இயற்பியல் கருவிகள் தரைத்தளத்துக்கு. அப்புறம் மாடிக்கு மாடி உயரத்தை இப்போதே கொஞ்சம் தாராளமாகக் கேளுங்கள், சின்ன டக்டில் காற்றைத் திணிக்க வேண்டியிருந்தால் அந்த ஃபேன் செலவு கட்டடம் இருக்கும்வரை விடாது.

கணக்கு_வாத்தியார்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் வரைபடத்தில் எண்ணிப் பார்த்தேன், 14 ஹூட் போட்டிருக்கிறார்கள், ஏன் 14 என்று கேட்டால் பழைய கட்டடத்தில் அத்தனை இருக்கிறதாம். ஒரு சந்தேகம்: வெளியே போகிற காற்றின் குளிர்ச்சியை உள்ளே வருகிற காற்றுக்கு மாற்ற ஒரு சுழலும் சக்கரம் உண்டு என்றார்கள், அது லேபுக்கு ஆகுமா?

காற்றுக்குழாய்:
வகுப்பறைக்கு அது நல்லது. ஹூட் காற்றுக்கு வேண்டாம், சக்கரத்தில் கொஞ்சம் கசிந்து அழுக்குக் காற்று உள்ளே வந்துவிடும். இரண்டு டக்டிலும் சுருள் குழாய் (coil) வைத்து நடுவே குழாயில் தண்ணீரைச் சுற்றவிடும் முறை இருக்கிறது. மீட்பது குறைவுதான், ஆனால் இரண்டு காற்றும் ஒன்றையொன்று தொடவே தொடாது. அதைக் கேளுங்கள், ஆனால் முதலில் அந்த 14ஐக் குறைத்துவிட்டு வாருங்கள்.