மரக்குடிலின் அடிச்சட்டம் மக்குகிறது, இறவானத்தில் வௌவால்கள் இருக்கின்றன: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி

மரங்களுக்கு நடுவே என் கையாலேயே கட்டிய சிறு மரக்குடிலுக்கு இப்போது ஏழாவது ஆண்டு நடக்கிறது. மழை சாய்ந்தடிக்கும் பக்கத்துச் சுவரில், சுவரைத் தாங்கும் அடிச்சட்டத்தின் ஒரு முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினால் விரற்கடை ஆழம் உள்ளே இறங்குகிறது. அதே சுவரை ஒரு மரங்கொத்தி நாள்தோறும் காலையில் கொத்துகிறது. அதற்கு மேலே, கூரை விளிம்பிலுள்ள இறவானப் பலகைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடுக்கிலிருந்து அந்தியில் சிறு வௌவால்கள் வெளியேறுகின்றன. நேற்று 23 எண்ணினேன். இவ்வுயிர்களை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே குடிலைக் கட்டினேன் என்பதால், அவற்றை விரட்டிவிட்டுச் சுவரைக் காப்பாற்ற எனக்கு மனம் வரவில்லை. இடுக்குகளை எல்லாம் அடைத்துச் சுவர் முழுவதும் வார்னிஷ் பூசிவிடும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? எந்த வேலையை எப்போது செய்வது?

பதில் 1

வார்னிஷைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சை வேரூன்றுவதற்கு மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்ட வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால் மக்கல் தொடங்குவதில்லை. எனவே உங்களுக்குத் தேவை மருந்தன்று, சட்டம் உலர்வதற்கான வழி.

கூரையிலிருந்து சொட்டும் நீர் தரையில் மோதித் தெறிக்கும்போது மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது. அந்த மண் கறை எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பாருங்கள். அது அடிச்சட்டத்தைத் தாண்டியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சொட்டு விழும் கோட்டில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைத் தோண்டியெடுத்துக் கூழாங்கல் நிரப்புங்கள்; சுவரோரம் சேர்ந்த சருகையும் செடியையும் அகற்றிக் குடிலின் அடியில் காற்று புகுந்து செல்ல விடுங்கள். அடியில் காற்றோட்டம் இருந்தால், கரையான் தரையிலிருந்து எழுப்பும் மண்குழாய்களும் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

மக்கல் முனையில் தொடங்கியிருப்பதில் வியப்பில்லை. மரம் உயிரோடு நின்றபோது நீரை மேலேற்றிய நுண்குழாய்கள் வெட்டுமுனையில்தான் வாய் திறந்திருக்கின்றன. ஆகையால் பக்கவாட்டைவிட முனை பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சுகிறது. மெத்தென்றிருக்கும் பகுதியை மட்டும் சுரண்டிப் பசை நிரப்பினால் உள்ளே மக்கல் தொடரும். ஜாக்கி வைத்துச் சுவரின் பாரத்தைத் தாங்கி, கெட்டியான மரம் தென்படும் இடம் வரை அறுத்தெடுத்து, நன்கு உலர்ந்த புதுத் துண்டை ஒட்டுப்போட்டு இணைப்பதே நிலைக்கும். ஜாக்கியைச் சிறிது சிறிதாகவே உயர்த்துங்கள். அவசரப்பட்டால் சன்னல் சட்டங்கள் கோணிக்கொள்ளும்.

வார்னிஷ் மரத்தின் மேல் ஏடாகப் படிகிறது. மரம் சுருங்கி விரியும்போது அந்த ஏடு வெடிக்கிறது. வெடிப்பில் புகுந்த நீர் எளிதில் வெளியேற முடிவதில்லை. மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு வெளிச்சுவருக்கு ஏற்றது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியில் தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள்.

பதில் 2

மேலுள்ள பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் இறவானத்து இடுக்கை இப்போது தொடாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். 23 வௌவால்கள் ஒன்றாக வெளியேறுகின்றன என்றால் அது குட்டி வளர்க்கும் தாய்களின் கூட்டமாக இருக்கலாம். பெரும்பாலான சிறு வௌவால்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டியை ஈனுகின்றன. பிறந்து சில வாரங்கள் வரை குட்டியால் பறக்க முடியாது. தாய்கள் இரை தேடச் சென்ற நேரத்தில் இடுக்கை அடைத்தால் குட்டிகள் உள்ளேயே பட்டினியால் இறக்கும். குளிர் மிகுந்த இடமானால், குளிர்காலத்தில் அவை நீண்டு உறங்கும் காலத்திலும் இடுக்கை அடைக்கக் கூடாது. பல நாடுகளில் வௌவாலின் தங்குமிடத்தைக் கலைப்பது சட்டப்படி குற்றம் என்பதால் வனத்துறையையும் கேட்டுக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், இடுக்கை நிரந்தரமாகவே விட்டுவைப்பேன். எலியைப் போல வௌவால் மரத்தைக் கடிப்பதில்லை. குடிலின் உள்ளறைப் பக்கம் மட்டும் பலகையால் நன்றாக மூடி, எச்சம் விழும் இடத்தில் ஒரு தட்டு வைத்தால் போதும். எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து அகற்றுங்கள். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடுக்கக் கூடாது.

மரங்கொத்தியின் ஒலியைக் கவனித்துக் கேளுங்கள். விரைவாக, ஒரே சீராக உருளும் தட்டல் என்றால் அது தன் எல்லையை அறிவிக்கிறது. அந்தப் பருவம் கழிந்ததும் நின்றுவிடும். விட்டுவிட்டு, சீரில்லாமல், சிராய்கள் உதிரக் கொத்தினால் உள்ளிருக்கும் புழுக்களைத் தேடுகிறது. அப்படியானால் அது கொத்தும் இடத்தை நீங்களும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பதில் 3

குடிலின் அடியை வலையால் மூட எண்ணினால், முதலில் அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மாலையில் மெல்லிய மணலைப் பரப்பிச் சமன்செய்தால் காலையில் தடம் படிந்திருக்கும். தானியங்கிக் கேமரா வைப்பதானால், விலங்கு குறுக்கே கடந்து செல்லும்படி திருப்பி வையுங்கள். நகரும் வெப்ப வேறுபாட்டை அறியும், கேமராவிலுள்ள உணரி, நேரெதிரே வரும் விலங்கைத் தாமதமாகவே கண்டுகொள்கிறது. எதிரே அசையும் புல்லை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கில் வெறும் படங்களே சேரும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மண் கறை இரண்டு சாண் உயரம் ஏறியிருக்கிறது, அதுவும் மக்கிய முனைக்கு நேராகவே மிகுதியாக இருக்கிறது. மரங்கொத்தி சீரில்லாமல்தான் கொத்துகிறது. அது கொத்திய இடத்தில் திருப்புளியை அழுத்தியபோது, அடிச்சட்டத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் நான் கவனிக்காமல் விட்ட இன்னொரு மெத்தென்ற பலகை அகப்பட்டது. சருகை அகற்றிவிட்டேன், நாளை கூழாங்கல் பள்ளத்தைத் தொடங்குகிறேன். ஜாக்கி வைக்கும் வேலையின் அதிர்வு இறவானம் வரை எட்டும் என்பதால், அந்தி எண்ணிக்கை தொடர்ந்து பல நாட்கள் சுழியமாகும் வரை சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டுக்கட்டை மட்டும் கொடுத்து வைக்கலாம் அல்லவா?

பதில் 1

தாராளமாக. முட்டின் அடியில் தட்டையான கல்லை வையுங்கள், மண்ணில் நேராக நிறுத்தினால் முட்டும் மக்கும். சட்டத்தில் மக்கலின் எல்லையைச் சுண்ணக்கட்டியால் குறித்துத் தேதி எழுதி, மாதம் ஒருமுறை திருப்புளியால் சோதித்து வாருங்கள். கூழாங்கல் போட்ட பிறகும் அந்தக் கோடு நகர்ந்தால் இங்கே எழுதுங்கள்.