உயர் அழுத்த உறைவித்தலில் பனிப்படிகச் சேதம்: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

வணக்கம். இலைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காண்பதற்காக உயர் அழுத்த உறைவித்தல் முறையில் தயாரித்து வருகிறேன். ஆனால் வெட்டுகளில் உட்கரு வலைபோலப் பிரிந்து தெரிகிறது. இது பனிப்படிகம் வளர்ந்ததன் அடையாளம் என்பதை அறிவேன்; எந்தக் கட்டத்தில் வளர்ந்தது என்பதுதான் பிடிபடவில்லை.

திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்தும் முறை (2017 வேதியியல் நோபலில் ழாக் துபோஷேவுக்குப் பங்கு பெற்றுத் தந்தது) மிக மெல்லிய மாதிரிகளில் மட்டுமே நீரைப் படிகமாக விடாமல் கண்ணாடிநிலைக்குக் கொண்டுவரும் என்பதால், சுமார் 2,100 பார் அழுத்தத்தில் 200 மைக்ரோமீட்டர் தடிமன் வரை உறைவிக்கவல்ல இந்த முறையைத் தேர்ந்தேன். செல்களுக்கு இடையிலுள்ள காற்று அழுத்தத்தில் நசுங்கித் திசுவைச் சிதைக்கும் என்பதால், இடைவெளிகளை ஹெக்ஸாடெசீன் என்னும், நீரில் கரையாத எண்ணெய் போன்ற திரவத்தால் நிரப்பினேன். பின்னர், திசுவை நிலைப்படுத்தும் ஆஸ்மியம் டெட்ராக்சைடு கலந்த அசிட்டோனில், மைனஸ் 90 டிகிரி செல்சியஸில், மூன்று நாள் உறைநிலைப் பதிலீடு (உறைந்த நீரைக் கரைத்தெடுத்து அவ்விடத்தில் அசிட்டோனை நிரப்புதல்) செய்தேன்.

என் ஐயம் ஹெக்ஸாடெசீன் மீதே. அக்குளிரில் அது அசிட்டோனில் கரையாமல் மாதிரியைச் சுற்றி ஓடுபோல நின்று, உள்ளிருக்கும் நீர் வெளியேறுமுன்பே வெப்பநிலை உயர்ந்து, படிகங்கள் உருவாகியிருக்கலாம் அல்லவா? திரவ நைட்ரஜனுக்கு அடியில் வைத்தே ஊசிமுனையால் அவ்வோட்டை உடைத்தெடுப்பவர்கள், திசு நொறுங்காமல் எப்படிச் செய்கிறீர்கள்? ஹெக்ஸாடெசீனுக்குப் பதிலாக 20 விழுக்காடு மாட்டுச் சீரம் ஆல்புமின் என்னும் புரதக் கரைசலை இலைக்குப் பயன்படுத்தியோர் உண்டா? வேர்நுனியில் அது நன்றாகவே வேலை செய்தது. காற்றறைகள் நிறைந்த இலையில்தான் தயங்குகிறேன்.