டயாலிசிஸ் முடிந்து வரும் அம்மாவை ஏற்ற மறுக்கும் டிரைவர்கள்: எங்கே புகார் சொன்னால் நடவடிக்கை இருக்கும்?

வடசென்னைவாசி:
பெரம்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் கீழ்ப்பாக்கத்தில் டயாலிசிஸ். போகும்போது தம்பி வேலைக்குப் போகிற வழியில் விட்டுவிடுவான். திரும்பும்போதுதான் பெரும்பாடு. நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வருபவருக்கு பிரஷர் இறங்கியிருக்கும். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது.

ஆப்பில் கார் புக் செய்ததும் போன் வரும். "எங்க போகணும்? கேஷா, ஆன்லைனா?" பெரம்பூர், ஆன்லைன் என்றால் லைன் கட். ஆனால் அவர் கேன்சல் செய்ய மாட்டார். மேப்பில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பொறுக்க முடியாமல் நாம் கேன்சல் செய்தால் அதற்கான கட்டணம் நம் தலையில். போன வாரம் ஒருவர் வந்தார். அம்மா கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டு இருந்ததைப் பார்த்துவிட்டு, "சீட்ல ரத்தம் பட்டா யார் கழுவுறது?" என்று கேட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

ஸ்டாண்டில் ஆட்டோ கேட்டால் ஆறு கிலோமீட்டருக்கு 250. மீட்டர் பேச்சே கிடையாது. பக்கத்தில் நின்ற போக்குவரத்துக் காவலரிடம் சொன்னேன். "ஏதாவது பேசிக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். இதற்கெல்லாம் சட்டம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா? இருந்தால் யாரிடம் போக வேண்டும்?

கோர்ட்_வாசல்:
சட்டம் இருக்கிறது அம்மா. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 178(3). பெர்மிட் வண்டி விதியை மீறிப் பயணியை ஏற்ற மறுத்தால் அபராதம். எவ்வளவு தெரியுமா? மூன்று சக்கர வண்டி என்றால் அதிகபட்சம் 50 ரூபாய். 2019 திருத்தத்தில் கார்களுக்கு 200-லிருந்து 500 ஆக்கினார்கள், ஆட்டோவுக்கு 50 அப்படியே நின்றுவிட்டது. ஒரே சவாரியில் நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கேட்பவருக்கு இது ஒரு பொருட்டா?

பயப்பட வைப்பது பிரிவு 86. பெர்மிட் நிபந்தனையை மீறினால் பெர்மிட்டை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். அந்த அதிகாரம் சிக்னலில் நிற்கும் காவலருக்குக் கிடையாது, போக்குவரத்துத் துறைக்குத்தான். அதனால் வண்டி எண், தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். "பிரிவு 86-ன்படி நடவடிக்கை வேண்டும்" என்று எழுதுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

ஆப் கார் விஷயத்தில், காரணமில்லாமல் கேன்சல் செய்யும் டிரைவருக்குக் கட்டணத்தில் 10 சதவீதம், 100 ரூபாய்க்கு மிகாமல் அபராதம் என்று மத்திய அரசு 2020-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. உங்களைக் கேன்சல் செய்ய வைப்பது அதிலிருந்து தப்பிக்கத்தான். உங்களிடம் கேன்சல் கட்டணம் பிடித்த நிறுவனத்தின் மேல் 1915-ல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதியலாம்.

மஞ்சள்_போர்டு:
அக்கா, நான் கால் டாக்சி ஓட்டுகிறேன். அந்த ஆள் பேசியது பெரிய தப்பு. அதற்கு எங்கள் பக்கம் எந்த நியாயமும் இல்லை.

மற்றதற்குக் காரணம் சொல்கிறேன். கெல்லீஸ், பட்டாளம், ஓட்டேரி என்று அந்த ரூட் முழுக்க மெட்ரோ வேலை. சாயங்காலம் ஆறு கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம் ஆகிவிடும். பிக்கப்புக்கு வருகிற தூரத்துக்குக் காசு கிடையாது. ஆன்லைனில் கட்டினால் பணம் உடனே கைக்கு வராது, டீசலுக்கு அன்றன்றைக்குக் கையில் காசு வேண்டும். ஆட்டோக்காரர்கள் நிலைமையும் அப்படித்தான். 2013 ஆகஸ்டில் அரசு போட்ட ரேட் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அப்போது பெட்ரோல் 80-க்குக் கீழே, பிறகு 100-ஐத் தாண்டிவிட்டது. ரேட்டை ஏற்றச் சொல்லிக் கேட்டு அலுத்துத்தான் 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களே 50, 18 என்று அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை.

தெரிந்த டிரைவர் ஒருவரிடம் மாதக் கணக்குப் பேசிக்கொள்ளுங்கள். டயாலிசிஸுக்கு வருகிற நிறையக் குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன.

வடசென்னைவாசி:
தம்பி, நீங்கள் சொன்ன ரேட் பிரச்சினை எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசு ரேட்டில் எங்கள் தூரத்துக்கு 75 ரூபாய். அது கட்டாது, ஒத்துக்கொள்கிறேன். சங்கம் கேட்ட ரேட்டிலேயே போட்டாலும் 126 ரூபாய்தான் வருகிறது. 250 எங்கிருந்து வந்தது? நியாயமான ரேட்டை அரசு போடட்டும், நான் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். ஆனால் ரேட்டை ஏற்றின மறுநாளே மீட்டரையும் கறாராகப் பார்க்க வேண்டும். 2013-ல் ஏற்றிவிட்டு, கொஞ்ச நாள் பார்த்தபிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

மாத டிரைவர் எங்களுக்குச் சரி. அந்த வாசலில் எங்களோடு காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் வெளியூர். அவர்கள் யாரைத் தெரிந்து வைத்திருப்பார்கள்?

சார், புகாரை நான் மட்டும் கொடுக்காமல், அங்கே வருகிற மற்ற குடும்பங்களிடமும் வண்டி எண்களை வாங்கி ஒரே மனுவாகக் கொடுக்கலாமா?

கோர்ட்_வாசல்:
ஒரே மனு வேண்டாம். ஒவ்வொருவரும் தனித்தனி மனு எழுதி, ஒரே நாளில் சேர்ந்து போய்க் கொடுங்கள். ஒரே வண்டி எண் இரண்டு மூன்று மனுவில் வந்தால் ஏதோ ஒரு நாள் நடந்தது என்று அந்த டிரைவரால் தட்டிக்கழிக்க முடியாது. பதில் வராவிட்டால் ஒப்புகைச் சீட்டு விவரத்தோடு 1100-ல், முதல்வர் உதவி மையத்தில், பதிவு செய்யுங்கள்.