பெரோஸ் காந்தியின் குழுப் பணி: சாட்சியப் பதிவுகள் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. ரேபரேலி எம்.பி. பெரோஸ் காந்தி 1952 முதல் 1960-இல் இறக்கும் வரை மக்களவையில் பேசியதையும் குழுக்களில் செய்ததையும் முழுதாகத் தொகுத்து வருகிறேன், குழுக்கள் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

அவைப் பேச்சுகளில் முக்கியமானவை கிடைத்துவிட்டன. 1955 டிசம்பரில் தனியார் காப்பீட்டு நிறுவன முறைகேடுகள் பற்றிப் பேசியது, அப்புறம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை அரசின் எல்.ஐ.சி. வாங்கியது பற்றிய 1957 டிசம்பர் 16 முந்த்ரா விவாதம். ஆளுங்கட்சியின் பின்வரிசையில் இருந்துகொண்டு எல்.ஐ.சி. பணம் எங்கே போனது என்று அவர் கேட்ட கேள்விகள்தான் நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்கும் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பதவி விலகலுக்கும் வழிவிட்டன, இன்று படித்தாலும் சிலிர்க்கிறது.

நாடாளுமன்ற மின்நூலகத்தில் பெயர், தேதி, மசோதா என்று எல்லா வழியிலும் தேடினேன். பழைய ஸ்கேன் என்பதால் பெயர்த்தேடல் பாதியைத் தவறவிடுகிறது, முதல் மக்களவைத் தொகுதிகளில் கேள்வி நேரமும் மற்ற நடவடிக்கைகளும் தனித்தனிப் பகுதிகள் என்பதால் இரண்டையும் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். குழு அறிக்கைகள் சில கிடைத்தாலும் சாட்சிகளிடம் யார் என்ன கேட்டார்கள் என்ற பதிவு அவற்றில் இல்லை. இங்கே ஒரு நூலகத்திலும் விசாரித்தேன், அந்த ஆண்டுகளின் தொகுதிகள் இல்லை என்றுவிட்டார்கள்.

1952–60 காலத்து மக்களவைக் குழுக்களின் சாட்சியப் பதிவுகளைச் சென்னையிலோ டெல்லியிலோ வெளியாட்கள் எங்கே பார்க்க முடியும்?