குட்ஃபெல்லாஸ் உசிரா பிடிச்ச நான் வைஸ்கை புக்கை படிச்சேன், இப்போ படத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியல

ராத்திரிவாசகன்:
குட்ஃபெல்லாஸ் எனக்கு எவ்ளோ பிடிச்ச படம்னு இங்க பழைய ஆளுங்களுக்குத் தெரியும், 1990ல வந்தது, ஸ்கோர்செஸி எடுத்ததுலயே இதுதான் டாப்புன்னு இங்கயே சண்டை போட்டவன் நான். இப்பதான் அதோட மூலம், நிக்கோலஸ் பிலெஜ்ஜி எழுதுன வைஸ்கை புக்கை முழுசா படிச்சு முடிச்சேன். நேத்து ராத்திரி படத்தைத் திரும்பப் போட்டேன், பாதியில நிறுத்திட்டேன்.

தெரியாதவங்களுக்கு, ஹென்றி ஹில்னு ஒருத்தன், ப்ரூக்ளின்ல 1955ல பதினோரு வயசுல வீட்டுப் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டுல எடுபிடியா சேர்றான், அந்த ஸ்டாண்டு லுக்கேஸி மாஃபியா குடும்பத்துல பெரிய ஆளான பால் வேரியோ குடும்பத்தோடது, அங்க இருந்து இருபத்தஞ்சு வருஷம் கடத்தல், கந்துவட்டி, போதை மருந்துன்னு போயி 1980ல மாட்டி அப்ரூவர் ஆயிட்டான். அவன் சொன்னதுதான் புக்.

என்னைத் தூங்க விடாதது ஹென்றியோட கூட்டாளி டாமி. படத்துல ஜோ பெஷி, குள்ளமான ஆளு, நடிக்கும்போது அவருக்கு நாப்பத்தஞ்சு வயசு தாண்டிருச்சு, ஆஸ்கார் வாங்குன நடிப்பு, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. நிஜ டாமி டிசிமோன் நல்ல உயரம், வாட்டசாட்டமான ஆளு, காம்பினோங்கிற இன்னொரு மாஃபியா குடும்பத்து ஆளான பில்லி பேட்ஸைக் கொன்ன 1970ல அவனுக்கு வயசு இருபது. படத்துல பேட்ஸ் பார்ல வச்சு நீ சின்ன வயசுல ஷூ பாலிஷ் போட்டவன்தானேன்னு குத்திக் காட்டுறான், டாமிக்கு ரத்தம் கொதிக்குது, அதே ராத்திரி திரும்பி வந்து அடிக்கிறான். நாமளும் அவமானப்பட்டவன் கோவத்துல பண்ணிட்டான்னு ஒரு மூலைல மனசைத் தேத்திக்கிறோம். புக்குல அந்தப் பேச்சுக்கும் கொலைக்கும் நடுவுல ரெண்டு வாரம் கிட்ட ஓடுது. ரெண்டு வாரம் சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சு, ஆள் தனியா மாட்டுற ராத்திரி வரைக்கும் காத்திருந்து தூக்கியிருக்கானுங்க. இதைப் படிச்சதுக்கு அப்புறம் அந்த சீனை எப்படிப் பார்க்கிறது?

என் கருத்து இதுதான், படம் நம்மள ஏமாத்துது, புக் ஏமாத்தல.

ஃப்ரேம்24:
வாசகன் ப்ரோ, கோவிச்சுக்காதீங்க, இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். ரெண்டு வாரத்தை ஒரு ராத்திரியா சுருக்குனது ஏமாத்து வேலை இல்ல, ரெண்டரை மணி நேரத்துல இருபத்தஞ்சு வருஷத்தைச் சொல்லணும்னா எதையாவது சுருக்கித்தான் ஆகணும். அந்த சீன்லயே டாமி கூட இன்னொரு கூட்டாளி ஜிம்மி இருக்கான் பாருங்க, அவனை யாரும் அவமானப்படுத்தல, அவனுக்குக் கோவமே இல்ல, ஆனாலும் சேர்ந்து மிதிக்கிறான். படம் சொல்ல வேண்டியதை அங்க சொல்லிடுச்சு. அப்புறம் டிக்கிக்குள்ள ஆள் இன்னும் உசிரோட இருக்கிறது, டாமி அவங்க அம்மா வீட்டுக்குப் போயி சாப்பிட்டுட்டு கத்தியை இரவல் வாங்கிட்டு வர்றது, இதைப் பார்த்துட்டு ஒருத்தன் டாமியை ரசிச்சா அது பார்க்கிறவன் பிரச்சினை.

இன்னொன்னு, "நான் உனக்கு காமெடியா தெரியுறேனா"ன்னு டாமி மிரட்டுற சீன் இருக்கே, அது புக்குல கிடையாது. ஜோ பெஷி சின்ன வயசுல ஹோட்டல்ல வேலை பார்த்தப்ப அவருக்கே நடந்ததை வச்சுப் பண்ணது. ஒரு வார்த்தை தப்பாப் போனா மேசைல இருக்கிற எல்லாரும் மூச்சை அடக்கிட்டு உட்கார்ந்திருக்கணும், இவன்கூட வாழ்றதுன்னா அப்படித்தான். புக்குல டாமி ஒரு பைத்தியக்காரன்னு ஹென்றி திரும்பத் திரும்பச் சொல்லுவான், படம் அதை நம்ம வயித்துல உணர வைக்குது.

ராத்திரிவாசகன்:
//படம் அதை நம்ம வயித்துல உணர வைக்குது//
வயித்துல உணர வைக்குது, அடுத்த நிமிஷமே எல்லாரும் சிரிக்கிறாங்க, நாமளும் சிரிக்கிறோம். நான் சொல்றது அந்த சிரிப்பைத்தான் ப்ரோ. கோபாகபானா க்ளப்புக்குள்ள பின்வாசல் வழியா, கிச்சன் வழியா ஹென்றி பின்னாடி பொண்டாட்டியான கேரனைக் கூட்டிட்டுப் போற அந்த ஒரே ஷாட்டைப் பார்த்து நானும் அப்படி ஒரு வாழ்க்கை வேணும்னு நினைச்சேன், உண்மையா நினைச்சேன், பத்தொம்பது வயசுல. புக் படிக்கிறப்ப ஒரு பக்கத்துல கூட அப்படித் தோணல. அதுல திருட்டு சிகரெட்டை வட கரோலினால இருந்து லாரில கொண்டு வந்தா எவ்ளோ நிக்கும், திருட்டு கிரெடிட் கார்டை எத்தனை நாளைக்குள்ள தேய்ச்சு முடிக்கணும், ஒரு ஹோட்டலை எப்படிக் கடன்ல மூழ்கடிச்சு கடைசில கொளுத்தணும், இதான் பக்கம் பக்கமா. மளிகைக் கடைக் கணக்கு நோட்டைப் படிக்கிற மாதிரி இருக்கும், நடுவுல ஒரு ஆள் செத்துருப்பான், அதுவும் அந்தக் கணக்குல ஒரு வரி.

பாரிஜாதம்:
ரெண்டு பேரும் டாமி டாமின்னே பேசுறீங்க. புக்குல எனக்குப் பெருசாப் பட்டது கேரன். பிலெஜ்ஜி அந்த அம்மாவை அவங்க குரல்லயே நிறையப் பேச விட்டிருக்கார், ஹென்றி சொன்னது ஒரு பக்கம், அதே காலத்தை கேரன் சொல்றது இன்னொரு பக்கம். படத்துலயும் கேரன் வாய்ஸ் ஓவர் இருக்கு, இல்லன்னு சொல்லல, கேரனா நடிச்ச லொரைன் ப்ராக்கோ பிரமாதம். ஆனா ஹென்றி ஜெயிலுக்குப் போன வருஷங்கள் படத்துல எப்படித் தெரியுது? பூண்டை ப்ளேடால மெல்லிசா சீவுறாங்க, இறைச்சி வறுக்கிறாங்க, ஒயின் வருது, ஏதோ லாட்ஜுல தங்குன மாதிரி. புக்குல அதே வருஷங்கள் கேரனுக்கு என்னன்னா, ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு பென்சில்வேனியால இருக்கிற லூயிஸ்பர்க் ஜெயிலுக்குப் போறது, காசு இல்லாம நிக்கிறது. கூடவே இருப்போம்னு சொன்ன பயலுங்க வீட்டுக்காரன் உள்ள போனதும் காணாமப் போயிட்டாங்க. குடும்பம் குடும்பம்னு வாய் கிழியப் பேசுறவனுங்க. எனக்குப் படிக்கிறப்ப அழுகையே வந்துச்சு.

இன்னொரு சின்ன விஷயம், படத்துல ரெண்டும் பொண்ணுங்க, நிஜத்துல ஒரு பையன் ஒரு பொண்ணு.

ஃப்ரேம்24:
பாரிஜாதம் அக்கா சொல்றது சரி, அந்த ஜெயில் பகுதி புக்குல கனம் அதிகம். ஆனா வாசகன் ப்ரோ கேட்ட கேள்வி எது உண்மைங்கிறது. அங்கதான் எனக்குப் பெரிய சிக்கல். புக்கை யார் சொல்றா? பொய் சொல்லியே இருபத்தஞ்சு வருஷம் பிழைச்ச ஒருத்தன், அதுவும் அப்ரூவர் ஆனதுக்கு அப்புறம். புக் முழுக்கத் தேடுங்க, ஹென்றி குழி தோண்டப் போவான், கார் ஓட்டுவான், பார்த்துட்டு நிப்பான், ஆனா கொன்னது எப்பவும் டாமி இல்லன்னா ஜிம்மி. ஒருத்தன் காணாமப் போயிட்டான், உடம்பு கூடக் கிடைக்கல, இன்னொருத்தன் புக் வந்தப்ப ஜெயில்ல இருந்தான். மறுத்துப் பேச யாரு இருக்கா?

நீங்க ரெண்டு வாரம் ரெண்டு வாரம்னு அடிச்சு சொல்ற பேட்ஸ் கொலையையே எடுத்துக்கோங்க. பல வருஷம் கழிச்சு வேற ஒரு புக்குல அதே ஹென்றி என்ன சொன்னான் தெரியுமா? பேட்ஸ் ஜெயில்ல இருந்தப்ப அவனோட வட்டித் தொழிலை ஜிம்மி எடுத்து நடத்திட்டு இருந்தான், வெளிய வந்தவன் திருப்பிக் கேட்டான், அதைக் கொடுக்க ஜிம்மிக்கு மனசில்லன்னான். அப்ப வைஸ்கைல சொன்ன ஷூ பாலிஷ் கதை பாதிதான். படத்தை நம்பாதேன்னு சொல்றீங்க, இதை எப்படி ப்ரோ நம்புனீங்க?

ராத்திரிவாசகன்:
இது எனக்குத் தெரியாது. உண்மையாவே தெரியாது. வட்டித் தொழிலுக்காகன்னா அந்த ரெண்டு வாரத்துக்கு இப்பதான் அர்த்தம் வருது, கோவத்துல காத்திருக்கல, கணக்குப் போட்டுக் காத்திருந்திருக்கானுங்க.

ஆனாலும் புக்கை வெறும் ஹென்றி வாக்குமூலம்னு ஒதுக்க முடியாது. பிலெஜ்ஜி பல வருஷம் நியூயார்க் க்ரைம் ரிப்போர்ட்டரா இருந்தவர், ஹென்றி பேச்சுக்கு நடுவுல அவரே வந்து கேஸ் விவரம், தேதி, தொகை எல்லாம் சொல்லுவார். பாஸ்டன் காலேஜ் விஷயத்தைப் பாருங்க, படத்துல ஒரு வரில கடந்து போயிடும். 1978-79 சீசன்ல அந்தக் காலேஜ் பாஸ்கெட்பால் பசங்களுக்குக் காசு கொடுத்து, ஜெயிச்சாலும் பாயின்ட் வித்தியாசத்தைக் குறைச்சு ஆடச் சொல்லி பெட்டிங்ல சம்பாதிச்ச கேஸ். அதை ஹென்றி பேச்சோட பேச்சா சொல்லிட்டான், குற்றமாவே அவனுக்குத் தோணல. எதிர்ல உட்கார்ந்திருந்த அரசு வக்கீல் எட்வர்ட் மெக்டொனால்ட் படிச்சதே அந்தக் காலேஜ்ல. லுஃப்தான்சா ஏர்லைன்ஸ் சரக்குக் கட்டடத்துல நடந்த கொள்ளைல கேஸே போட முடியாத ஜிம்மி பர்க் (படத்துல ஜிம்மி கான்வே) 1982ல உள்ள போனது இந்த பாஸ்கெட்பால் கேஸ்ல, 20 வருஷம். இதை விடவா ஒரு கதை வேணும், படம் இதை விட்டுடுச்சே.

ஃப்ரேம்24:
அந்த மெக்டொனால்ட் படத்துல அவராவே நடிச்சிருக்கார், சாட்சிப் பாதுகாப்பு பத்தி ஹென்றிகிட்டயும் கேரன்கிட்டயும் பேசுறவர் அவர்தான். திரைக்கதைல பிலெஜ்ஜி பேரும் இருக்கு. புக் எழுதுனவரே கூட உட்கார்ந்து எதை விடலாம்னு முடிவு பண்ணிருக்கார், அப்புறம் துரோகம்னு எப்படிச் சொல்றது?

கருப்புகோட்டு:
தம்பிங்களா, நடுவுல வரேன். புக்கா படமான்னு அடிச்சுக்கிறீங்க, அந்தப் புக்குக்காக ஹென்றிக்குக் காசு கிடைச்சுது, அதை யாரும் சொல்லல. அது அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன விஷயம், நான் படிச்ச காலத்துல இருந்து மனசுல நிக்கிற கேஸ்.

நியூயார்க்ல 1977ல ஒரு சட்டம், குற்றவாளி தன் குற்றத்தைப் பத்தி புக்கோ படமோ பண்ணி சம்பாதிச்சா அந்தக் காசை அரசு போர்டுகிட்ட கட்டணும், பாதிக்கப்பட்டவங்க கேஸ் போட்டு எடுத்துக்கலாம். வைஸ்கை நல்லா வித்துச்சு, 19 மாசத்துல பத்து லட்சம் காப்பிக்கு மேல அச்சாச்சு. போர்டு முழிச்சுக்கிட்டு வந்து கணக்குக் கேட்டப்ப பதிப்பகம் ஹென்றி கணக்குல 96,250 டாலர் ஏற்கெனவே கொடுத்திருந்துச்சு, 27,958 டாலர் கொடுக்க வேண்டி கைல இருந்துச்சு. பதிப்பகம் கோர்ட்டுக்குப் போச்சு, 1991 டிசம்பர்ல தீர்ப்பு, கேஸைக் கேட்ட எட்டு நீதிபதியும் ஒரே முடிவு, சட்டம் செல்லாது. பேச்சுரிமைக்கு விரோதம். இந்தச் சட்டத்தை இப்படியே விட்டா மால்கம் எக்ஸ் சுயசரிதை மாட்டும், சின்ன வயசுல பேரிக்காய் திருடுனதை எழுதுன புனித அகஸ்டின் கூட மாட்டுவார்னு தீர்ப்புலயே இருக்கு. நம்ம கணக்குக்கு, அண்ணன் காப்புல இருந்து தங்கம் திருடுனதை எழுதுன காந்தியோட சத்திய சோதனையையும் சேர்த்துக்கலாம்.

தீர்ப்பு சரிங்கிறதுதான் என் நிலைப்பாடு. ஆனா புக் ஏமாத்தலன்னு தம்பி வாசகன் சொல்றதை ஏத்துக்க முடியல. தன் கதையை வித்துக் காசு பார்க்கிறவன் வாங்குறவனுக்குப் பிடிச்ச மாதிரிதான் சொல்லுவான்.

பாரிஜாதம்:
சார் சொன்ன அந்த "பாதிக்கப்பட்டவங்க" யாருன்னு நான் சொல்றேன், ஏன்னா படம் புக் ரெண்டுலயும் அவங்க ஓரத்துலதான் நிக்கிறாங்க. 1978 டிசம்பர் 11, கென்னடி ஏர்போர்ட்ல லுஃப்தான்சா சரக்குக் கட்டடத்துல கொள்ளை, ரொக்கமே ஐம்பது லட்சம் டாலர், கூட நகை. அதுக்கப்புறம் கொஞ்ச மாசத்துல கூட்டாளிங்களை வரிசையா முடிச்சாங்க. படத்துல பியானோ பாட்டு பின்னாடி ஓடும், பிங்க் கார்ல புருஷன் பொண்டாட்டி பொணம், குப்பை லாரில ஒருத்தன், இறைச்சி ஃப்ரீசர்ல ஒருத்தன், கேமரா வழுக்கிட்டே போகும், அழகா இருக்கும். அழகா இருக்கும்னு சொல்லவே எனக்கு வாய் கூசுது. நிஜத்துல அந்தப் புருஷன் பொண்டாட்டி காரோட காணாமப் போனவங்கதான், உடம்பே கிடைக்கல. அவங்க வீட்ல எடுத்து அடக்கம் பண்ணக்கூட ஒண்ணும் இல்ல. அதே கும்பலோட பழக்கத்துல இருந்த இன்னொரு இளம்பொண்ணோட உடம்பு துண்டு துண்டாக்கி நியூஜெர்சி பக்கம் தண்ணில கிடைச்சுது. அந்தப் பொண்ணு படத்துலயே இல்ல.

அந்தக் கொள்ளைக்காக அந்தக் காலத்துல தண்டனை வாங்குனது உள்ள இருந்து தகவல் கொடுத்த ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருத்தர் மட்டும். 2014ல வின்சென்ட் அசாரோன்னு ஒரு வயசான ஆளைக் கைது பண்ணாங்க, 2015ல அவரும் விடுதலை.

ஃப்ரேம்24:
அக்கா, அந்த பியானோ சீன் எனக்கு ரொம்பப் பிடிச்ச சீன், நான் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுறதே அதுதான். நீங்க சொன்னது உறைக்குது. ஆனாலும் அழகா எடுத்ததாலதான் அந்தப் பொணங்க என் மனசுல இத்தனை வருஷமா இருக்குன்னு நினைக்கிறேன், புக்குல அது ஒரு பட்டியல் மாதிரி வரும், பேர் பேரா, படிச்சு மறந்துடுவோம். இதுல நான் மாற மாட்டேன். பேட்ஸ் விஷயத்துல வாசகன் ப்ரோவுக்கு இறங்கி வரேன், ஒரே ராத்திரின்னு வச்சதால கொலை கொஞ்சம் லேசாயிடுச்சு, அது உண்மை.

ராத்திரிவாசகன்:
நானும் ஒண்ணை ஒத்துக்கிறேன், புக் ஏமாத்தலன்னு சொன்னது அதிகப்படி. ஒண்ணு மட்டும் கேளுங்க, ஹென்றி மாட்டுற அந்தக் கடைசி நாள், தலைக்கு மேல ஹெலிகாப்டர், அடுப்புல தக்காளி சாஸ், துப்பாக்கியை விக்கணும், தம்பியைக் கூட்டிட்டு வரணும், போதை மருந்து எடுத்துட்டுப் போற பொண்ணு தொப்பியை மறந்துட்டு வந்து நிக்கிறா, இதெல்லாம் எடிட்டிங்குக்காகச் சேர்த்ததுன்னு நினைச்சிருந்தேன், புக்குலயும் இருக்கு. இவ்ளோ நடந்தும் அவனுக்குப் பெரிய கவலை சாஸ் அடி பிடிக்கக் கூடாதுன்னு. அந்த சமையலை யாருக்காகப் பண்றான், வீட்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு. அந்தப் பிள்ளைங்க அன்னிக்கு என்ன பார்த்திருப்பாங்கன்னு ரெண்டுலயும் இல்ல.

பாரிஜாதம்:
அது இருக்கு. அந்தப் பையனும் பொண்ணும் வளர்ந்து 2004ல சேர்ந்து எழுதுன புக், ஆன் த ரன்னு பேரு. ஒமாஹா, கென்டக்கி, ரெட்மண்ட்னு பேரை மாத்தி ஊரை மாத்தி வளர்ந்த கதை, அப்பன் போன எடத்துலயும் திருந்தல. நான் பாதி வரைக்கும்தான் படிச்சிருக்கேன், மேல படிக்கத் தெம்பு இல்லாம வச்சிருக்கேன். வேணும்னா என் காப்பியை அனுப்புறேன், அட்ரஸை இன்பாக்ஸ்ல போடுங்க.

ஃப்ரேம்24:
அவர் முடிச்சதும் எனக்கு அக்கா.