பாட்டு அனுப்பக் காசு கேக்கானுவ, கட்டலாமா?

பாளை மெட்டுக்காரன்:
அண்ணாச்சிமாரே, மாடியில ஒத்த மைக் வச்சு பாட்டு பண்ணுதேன். விளம்பரத்துக்கும் வெப் சீரிஸுக்கும் பாட்டு அனுப்பிவிடுற சேவை ஒண்ணுல, பாட்டுக்கு இவ்வளவுன்னு கட்டி நாலு குடுத்தேன். நாலும் திரும்பிட்டு. ‘ஆரம்பம் நீளம்’னு ஒத்த வரி பதில். 40 செகண்டு நாதஸ்வரம், அதுல என்ன குத்தம்?

தாமிரபரணிக் கரை:
கேக்குதவன் அதுக்குள்ள அடுத்த பாட்டுக்குப் போயிருவாம்வே. பல்லவிய முன்னால கொண்டாரும். குரல் இல்லாத மிக்ஸும் தனியா வையும், வசனத்துக்கு அடியில ஓட்ட அதத்தான் கேப்பாவ. காசு கட்டுனது அவன் பாட்ட காதுல கேக்கதுக்குத்தான், எடுத்துக்கிடுததுக்கு இல்ல.

டவுண் தவில்:
எக்ஸ்க்ளூசிவ்னு கையெழுத்து போட்டா அதே பாட்ட வேற எங்கயும் குடுக்க முடியாது, பாத்துக்கிடும். 2012 காப்பிரைட் சட்டத் திருத்தத்தையும் ஒருக்கா வாசியும், ராயல்டி பங்கு, அதான் பாட்டு ஓடுனா வர்ற காசுல பங்கு, அதுல இருக்கு. நாதஸ்வரக்காரர்ட்ட சம்மதம் எழுதி வாங்கினீரா?

பாளை மெட்டுக்காரன்:
இல்லியே. ரெண்டு பொட்டலம் பரோட்டாதான் வாங்கிக் குடுத்தேன்.